ஓடையில் பொன் அரிக்கப் போகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

மெல்பேர்ணில் இருந்து வடமேற்கே ஒன்றரை மணித்தியாலம் கார் ஓடினால் கிரெஸ்விக் என்ற சின்ன ஊர் வரும். சனி, ஞாயிறு ஓய்வு கிடைத்தால் அந்தப் பக்கத்து ஓடைகளில் கால் நனைத்து, தட்டில் மண் அரித்துக்கொண்டிருப்பேன். கலியாண வீடுகளில் யாராவது இதைக் கிளப்பிவிட்டால் சோறு ஆறும்வரை கேள்விகள்தான். திரும்பத் திரும்ப வருகிறவற்றை இங்கே எழுதிவிட்டேன். இதில் உள்ள சட்டமும் இடங்களும் அவுஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்துக்கு உரியவை.

ஓடையில் உண்மையாகவே தங்கம் இருக்கிறதா? சுற்றுலாப் பயணிகளுக்குக் காட்டுகிற வேடிக்கை இல்லையா?

இரண்டும் உண்டு. பல்லரட்டில் உள்ள சொவரின் ஹில் என்ற பழைய சுரங்க ஊர்க் காட்சியகத்தில் ஒரு சின்ன ஓடை இருக்கிறது. அங்கே அரித்தால் தங்கம் வரும், ஏனென்றால் அவர்களே நாள்தோறும் கொஞ்சம் போட்டு வைக்கிறார்கள். தங்கம் அசல், ஓடைதான் ஏற்பாடு. பிள்ளைகளை முதலில் அங்கே கூட்டிப்போவதில் ஒரு குறையும் இல்லை.

காட்டு ஓடைகளில் யாரும் போட்டு வைப்பதில்லை. நிலத்துக்கு அடியில் வெள்ளை வெளேரென்ற குவாட்ஸ் கல் நரம்புகளாக ஓடுகிறது, அதற்குள் தங்கம். மழையும் வெயிலும் கோடிக்கணக்கான ஆண்டுகளாக அந்தக் கல்லைத் தின்று, உள்ளே இருந்ததைப் பள்ளத்துக்கு உருட்டிவிட்டன. 1851இல் முதலில் கிளூன்ஸ், பிறகு பல்லரட், அதே ஆண்டுக் கடைசியில் பெண்டிகோ என்று அடுத்தடுத்துக் கண்டுபிடித்தபோது உலகமே இங்கே ஓடிவந்தது. வந்தவர்கள் பெரும்பகுதியை வழித்துக்கொண்டு போய்விட்டார்கள், உண்மைதான். ஆனால் அவசரத்தில் அரித்தவர்கள் நுண்ணிய துணுக்குகளைக் கோட்டைவிட்டார்கள். ஒவ்வொரு வெள்ளமும் கரையை அரித்துப் புதிதாகக் கொஞ்சம் கொண்டுவருகிறது. நாம் பொறுக்குவது அந்த மிச்சத்தைத்தான்.

ஒரு நாளைக்கு எவ்வளவு கிடைக்கும்?

எல்லாரும் கேட்க நினைப்பது இதைத்தான். ஒரு கணக்கு போட்டுக் காட்டுகிறேன்.

ஓடையில் வழக்கமாகக் கிடைக்கிற ஒரு துணுக்கு அரை மில்லிமீற்றர் நீளம், அரை மில்லிமீற்றர் அகலம், அதில் ஐந்தில் ஒரு பங்கு தடிப்பு என்று வையுங்கள். தங்கம் தண்ணீரைவிட 19.3 மடங்கு பாரம். ஆக அந்தத் துணுக்கின் எடை ஏறக்குறைய அரை மில்லிகிராம். ஒரு கிராமுக்கு 2,000 துணுக்கு வேண்டும். ஒரு பவுன் 8 கிராம் என்றால் 16,000 துணுக்கு. நல்ல இடத்தில், நல்ல நாளில், குனிந்த முதுகு நிமிராமல் இருந்தால் எனக்கு 20, 30 துணுக்கு கிடைக்கும். ஒரு பவுன் சேர்க்க இன்னும் எத்தனை சனிக்கிழமை வேண்டும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

எப்போதாவது அரிசி மணி அளவில் ஒன்று அகப்படும். அது விழும்போது தட்டில் 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்கும். ஒன்பது வருடத்தில் நான் அந்தச் சத்தத்தை நாலு தடவை கேட்டிருக்கிறேன். பெற்றோல் காசுகூடத் தேறாது. காசுக்காகப் போவதாக இருந்தால் அந்த ஒன்றரை மணித்தியாலத்தை ஓடாமல் ஓவர்டைம் செய்யுங்கள்.

அனுமதி வேண்டுமா?

வேண்டும். 'மைனர்ஸ் ரைட்' (சுரங்கக்காரர் உரிமை) என்ற உரிமைப் பத்திரம் எடுக்க வேண்டும். மாநில அரசின் இணையத்தளத்தில் பத்து நிமிட வேலை. கட்டணம் ஏறக்குறைய 30 டொலர், பத்து வருடம் செல்லும். நிலத்தடிக் கனிமம் எல்லாம் சட்டப்படி அரசுக்குச் சொந்தம். இந்தப் பத்திரம் கையில் இருந்தால் நீங்கள் கண்டெடுத்தது உங்களுடையதாகிறது. இல்லாமல் எடுத்தால் அது குற்றம்.

அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. 1851இல் தங்கம் அகப்பட்டதும் அரசு ஒவ்வொரு சுரங்கக்காரனிடமும் மாதம் 30 ஷில்லிங் அனுமதிக் கட்டணம் கேட்டது. தங்கம் கிடைத்தாலும் கட்ட வேண்டும், கிடைக்காவிட்டாலும் கட்ட வேண்டும். குழிக்குள் இருப்பவனை மேலே கூப்பிட்டு 'அனுமதிச் சீட்டைக் காட்டு' என்று பொலிஸ் நிற்கும். வாக்குரிமையும் கிடையாது. பொறுத்துப் பொறுத்துப் பார்த்தவர்கள் பல்லரட்டில் யூரேக்கா என்ற இடத்தில் மரத்தடுப்புக் கட்டி எதிர்த்து நின்றார்கள். 1854 டிசம்பர் 3ஆம் திகதி விடியற்காலையில் படை புகுந்து அடித்து நொறுக்கியது. சண்டை முடிய அதிக நேரம் ஆகவில்லை. ஆனால் அடுத்த ஆண்டே மாதக் கட்டணம் போய், வருடத்துக்கு ஒரு பவுண்டில் மைனர்ஸ் ரைட் வந்தது, அதோடு வாக்குரிமையும் வந்தது. இன்று நாம் ஒன்லைனில் எடுக்கிற பத்திரத்துக்கு இன்னமும் அதே பெயர்தான்.

எல்லாருக்கும் அந்த நியாயம் கிடைத்துவிடவில்லை. அதே 1855இல் விக்டோரியாத் துறைமுகத்தில் இறங்கும் ஒவ்வொரு சீனருக்கும் 10 பவுண்டு தலைவரி போட்டார்கள். அதனால் ஆயிரக்கணக்கான சீனர்கள் பக்கத்து மாநிலமான தெற்கு அவுஸ்திரேலியாவில் ரோப் என்ற கரையில் இறங்கி, நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் காவடி போலத் தோளில் மூட்டை சுமந்து நடந்தே வந்தார்கள். வரும் வழியில் 1857இல் அராரட்டில் பெரிய தங்கப் படிவு ஒன்றைக் கண்டுபிடித்ததும் அவர்கள்தான்.

எங்கே போகலாம், எங்கே கூடாது?

அரசுக் காடுகளில் பொதுவாகப் போகலாம். கிரெஸ்விக் பிராந்தியப் பூங்காவில் ஸ்லேற்றி கிறீக் என்ற ஓடை முதல் தடவை போகிறவர்களுக்கு வசதி. கார் கிட்டப் போகும், தண்ணீர் முழங்காலளவு, பக்கத்திலேயே தேத்தண்ணீர் குடிக்க மேசையும் இருக்கும்.

தேசியப் பூங்காக்களில் பெரும்பாலும் கூடாது. ஒரு சிலவற்றில் மட்டும் குறித்த பகுதிகளைத் திறந்துவிட்டிருக்கிறார்கள். சில ஓடைகளை மைனர்ஸ் ரைட்டில் இருந்தே விலக்கி வைத்திருக்கிறார்கள். தனியார் காணி என்றால் பத்திரமும் வேண்டும், காணிக்காரரின் சம்மதமும் வேண்டும். இன்னொருவர் சுரங்க உரிமம் எடுத்த நிலத்தில் அவரைக் கேட்காமல் கை வைக்க முடியாது. இதெல்லாம் 'ஜியோவிக்' என்ற அரசு வரைபடத்தில் நிறம் தீட்டிக் காட்டியிருக்கும். முதல் நாள் இரவே பார்த்துக்கொள்ளுங்கள், காட்டுக்குள் போன் இழுக்காது.

வேறு மாநிலம் போகிறீர்களென்றால் சட்டம் வேறு. மேற்கு அவுஸ்திரேலியாவில் இதே பெயரில் வேறு பத்திரம், குயின்ஸ்லாந்தில் தனி உரிமம், நியூ சவுத் வேல்ஸில் அரசுக் காட்டுக்குள் போக அனுமதி.

என்னென்ன சாமான் வாங்க வேண்டும்?

தொடங்குவதற்கு 100 டொலர்கூடத் தேவையில்லை. 14 அங்குலப் பிளாஸ்டிக் தட்டு ஒன்று, பச்சை அல்லது நீலம். கறுப்பு மணலும் மஞ்சள் துணுக்கும் அதில் தெளிவாகத் தெரியும். ஒரு பக்க விளிம்பில் படிப்படியாக வரி போட்டிருக்க வேண்டும், அந்த வரிகளில்தான் தங்கம் தட்டுப்பட்டு நிற்கும். வாளியின் வாயில் பொருந்துகிற அரிதட்டு ஒன்று. குட்டை மண்வெட்டி. பாறை வெடிப்பைத் துப்புரவாக்க ஒரு பழைய ஸ்குரூடிரைவரும் ஒரு கரண்டியும். துணுக்கை உறிஞ்சி எடுக்கிற பிளாஸ்டிக் போத்தல், சாவணம், மூடியுள்ள சின்னக் கண்ணாடிக் குப்பி. முழங்கால்வரை றப்பர் சப்பாத்து.

புதுத் தட்டைக் கடையில் வாங்கியதும் பாத்திரம் கழுவும் திரவம் போட்டு இரண்டு தடவை தேயுங்கள். அச்சில் வார்க்கும்போது பூசிய எண்ணெய் அதில் ஒட்டியிருக்கும். எண்ணெய் பட்ட நுண்துகள் தண்ணீரில் ஒட்டாமல் மிதந்து போய்விடும். இதை நான் பட்டுத்தான் படித்தேன். முதல் தடவை போகும்போது காசு செலவழிக்க மனமில்லாமல் வீட்டில் இருந்த பழைய தாச்சியைக் கொண்டுபோனேன். எத்தனை வருடம் வடை சுட்ட தாச்சி! கண்ணுக்கு முன்னாலேயே பொன் பொடி தண்ணீரின் மேல் படகு விட்டுப் போனது.

மோட்டார் பம்ப் வைத்து அள்ளலாமா?

கூடாது. கையால் பிடிக்கிற கருவிகளும் மெற்றல் டிடெக்ரரும் மட்டும்தான். வெடிமருந்தும் இயந்திரத் தோண்டியும் பேச்சுக்கே இடமில்லை.

ஓடையில் எந்த இடத்தில் தோண்டுவது?

இதைப் படித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. புதிதாக வருகிறவர்கள் இறங்கின இடத்தில் தோண்டுவார்கள், பிறகு 'இங்கே ஒன்றுமில்லை' என்று வீட்டுக்குப் போவார்கள்.

தங்கம் சோம்பேறி. குவாட்ஸ் மணலைவிட ஏழு மடங்கு பாரம் என்பதால் வெள்ளம் வந்து தூக்கினால் ஒழிய அசையாது. தூக்கிய வெள்ளம் எங்கே கை தளர்கிறதோ அங்கேயே இறங்கிப் படுத்துவிடும். ஆகவே கரையில் நின்று, இந்த ஓடை கரைபுரண்டு ஓடும்போது எப்படி இருந்திருக்கும் என்று ஐந்து நிமிடம் யோசியுங்கள். வளைவில் வெளிப்பக்கம் தண்ணீர் வேகமாகக் கரையை அரிக்கும், உள்பக்கம் மெதுவாகிச் சரளைத் திட்டு போடும். உள்பக்கத் திட்டின் மேல்நுனிதான் உங்கள் இடம். பெரிய பாறாங்கல்லின் பின்புறம், அதாவது நீரோட்டத்துக்கு மறைவான பக்கம். ஒடுங்கின இடத்தைத் தாண்டி ஓடை அகலமாகிற இடம். வெள்ளக் கோட்டில் வளர்ந்த புல்லின் வேரில்கூடச் சிக்கியிருக்கும். உதிர்ந்து கிடக்கிற வேர்மண்ணை உதறிப் பாருங்கள், உயிருள்ள செடியைப் பிடுங்க வேண்டாம்.

அப்புறம் ஆழம். தங்கம் சரளைக்குள் இறங்கி இறங்கிக் கடைசியில் பாறைத்தளத்தில்தான் நிற்கும். மேல்மண்ணை மட்டும் அரிப்பது பாயசத்தில் மேலாலே கரண்டி விட்டு முந்திரி தேடுவது போல. பாறை தட்டுப்படும்வரை போக வேண்டும். இடையில் இறுகின களிமண் படை வந்தால் அதுவும் தங்கத்தைத் தாங்கி நிற்கும், அதன் மேற்பரப்பை வழித்து அரியுங்கள்.

இந்தப் பக்கத்துப் பாறைத்தளத்தில் ஒரு வசதி இருக்கிறது. பலகைக்கல்லும் மணற்கல்லும் அடுக்கடுக்காக இருந்தவை பூமி நெருக்கியதில் செங்குத்தாக எழும்பி நிற்கின்றன. புத்தகத்தை நிமிர்த்தி வைத்து மேலிருந்து தாள்களைப் பார்த்தால் எப்படி இருக்கும், அப்படி. ஓடை அந்தத் தாள்களுக்குக் குறுக்கே போகிற இடத்தில் ஒவ்வொரு இடுக்கும் ஒரு பொறி. போன மாரியில் விரல் நுழையாத ஒரு வெடிப்பை ஸ்குரூடிரைவரால் கிண்டினேன். முதலில் சாம்பல் நிறச் சேறு, பிறகு துருப்பிடித்த ஆணி ஒன்று, அதற்குக் கீழே ஈயச் சன்னம் ஒன்று. பாரமான குப்பை வரத் தொடங்கினால் மனதுக்குள் மணி அடிக்கும். ஆணியும் ஈயமும் நின்ற இடத்தில் தங்கமும் நிற்கும். இரண்டு கரண்டிச் சேற்றில் பதினொரு துணுக்கு இருந்தது. அதே நாள் அதற்கு முன்பு நான் அரித்த ஆறு வாளிச் சரளையில் மூன்று.

தட்டை எப்படி ஆட்டுவது?

எங்கள் வீடுகளில் இதற்குப் பயிற்சி எடுத்தவர்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள். அம்மா யாழ்ப்பாணத்தில் இருந்து வந்திருந்தபோது ஒருநாள் கூட்டிப்போனேன். அரை மணித்தியாலம் கரையில் கதிரை போட்டு இருந்து பார்த்தார். நான் தட்டை முன்னும் பின்னும் வீசி வீசி அடித்துக்கொண்டிருந்தேன்.

"தம்பி, நீ தண்ணியோட சண்டை பிடிக்கிறாய். இஞ்ச கொண்டா."

வாங்கினார், தண்ணீரில் அமிழ்த்தினார், நாலு குலுக்கு, ஒரு சாய்ப்பு. "இது அரிக்கன் சட்டிதானே, கோடு ஒரு பக்கம் மட்டும் கிடக்குது."

உண்மைதான். உள்ளே வரி போட்ட அரிக்கன் சட்டியில் அரிசி அரிக்கும்போது, பாரம் குறைந்த அரிசி தண்ணீரோடு எழும்பி அடுத்த பாத்திரத்துக்குப் போகும், கல்லும் மண்ணும் வரிகளில் தங்கும். அரிசிக்கு, போவது வேண்டும், நிற்பது வேண்டாம். தங்கத்துக்கு அதன் மறுபக்கம். கை செய்கிற வேலை ஒன்றே.

முறை இதுதான். அரிதட்டில் பெரிய கல்லை நீக்கிய சரளையைத் தட்டில் முக்கால்வாசி போடுங்கள். முழுவதும் தண்ணீருக்குள் அமிழ்த்தி, களிமண் கட்டிகளை விரலால் கசக்கிக் கரைத்துவிடுங்கள். கரையாத கட்டி உருண்டு வெளியே போகும்போது தங்கத்தையும் ஒட்டிக்கொண்டு போகும். பிறகு தட்டைச் சமமாகப் பிடித்து, தண்ணீருக்குள்ளேயே இடவலமாக நன்றாகக் குலுக்க வேண்டும். இந்தக் குலுக்கலில்தான் பாரமானது அடிக்கு இறங்குகிறது. பயப்படாமல் குலுக்குங்கள். புதியவர்கள் இதில் கஞ்சத்தனம் பண்ணி, கழுவுவதில் தாராளம் காட்டுவார்கள், நேர்மாறாகச் செய்ய வேண்டும்.

அடுத்து, வரி உள்ள பக்கத்தை உங்களுக்கு எதிர்ப்பக்கமாகச் சற்றே சாய்த்து, மெதுவாக அமிழ்த்தித் தூக்குங்கள். அலை பின்வாங்குகிறபோது மேற்படை மணலைக் கூட்டிக்கொண்டு போகும். நாலைந்து தடவைக்கு ஒருமுறை நிறுத்தி மறுபடி சமமாக்கிக் குலுக்க வேண்டும். குலுக்கு, கழுவு, குலுக்கு, கழுவு. கடைசியில் ஒரு மேசைக்கரண்டி கறுப்பு மணல் மிஞ்சும். அதில் இரண்டு கரண்டி தண்ணீர் மட்டும் விட்டு, தட்டை மெல்லச் சுழற்றினால் கறுப்பு மணல் விசிறி போல விரியும். அதன் வாலில், எல்லாவற்றுக்கும் பின்னால், மஞ்சளாக ஒன்றிரண்டு புள்ளி நகர மனமில்லாமல் நிற்கும்.

அம்மாவின் முதல் தட்டில் இரண்டு புள்ளி. "இவ்வளவுதானா?" என்று கேட்டுவிட்டுக் கதிரைக்குப் போய்விட்டார்.

மினுங்குகிறதெல்லாம் தங்கமா?

மின்னுவதெல்லாம் பொன்னல்ல என்று சொன்னவர் ஓடையில் நின்றுதான் சொல்லியிருக்க வேண்டும். முதல் நாள் நான் அரைக் குப்பி நிறைய அப்பிரகம் கொண்டுவந்து வீட்டில் எல்லோருக்கும் காட்டினவன்.

உங்கள் நிழலைத் தட்டின் மேல் விழுத்துங்கள். வெயிலில் மினுங்கி நிழலில் அணைந்துவிட்டால் அது அப்பிரகம் அல்லது தங்கம்போல மினுங்குகிற பைரைற் என்ற கனிமம். தங்கம் நிழலிலும் அதே மங்கின மஞ்சள்தான். இன்னும் சந்தேகம் என்றால் ஊசி நுனியால் அழுத்துங்கள். தங்கம் ஈயம்போலப் பள்ளம் விழும். பைரைற் பொடிந்துபோகும், அப்பிரகம் தாளாகப் பிரியும். நாட்பட்ட பின் இந்தச் சோதனை எதுவும் தேவைப்படாது. தட்டைச் சுழற்றும்போது ஓடுவது தங்கமில்லை, நிற்பதுதான் தங்கம்.

கறுப்பு மணலில் இருந்து துகளை எப்படிப் பிரித்தெடுப்பது?

ஓடையில் மெனக்கெட வேண்டாம். மிஞ்சியதைப் போத்தலில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்து, இரவில் நல்ல வெளிச்சத்தில் செய்யுங்கள். காயவைத்து, மெல்லிய கடதாசியின் கீழ் காந்தத்தை நகர்த்தினால் இரும்பு மணல் அதோடு போகும். மிச்சத்தை வெள்ளைத் தட்டில் பரப்பி மெல்ல ஊதுங்கள், உளுந்துக் கோது ஊதுகிற அளவுக்கு. தண்ணீரில் செய்வதாக இருந்தால் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விடுங்கள், துகள் மிதக்காது. சோப்பு வீட்டில்தான், ஓடையில் வேண்டாம்.

வெள்ளி பூசினதுபோல ஒரு தங்கத் துணுக்கு கிடைத்தது. அது என்ன?

தயவுசெய்து அதைச் சூடாக்காதீர்கள். அந்தக் காலத்தில் கல்லை இடித்துப் பொடியாக்கி, பாதரசத்தில் தங்கத்தை ஒட்டவைத்து எடுத்தார்கள். சிந்திய பாதரசம் இன்னமும் பழைய சுரங்க ஓடைகளின் அடியில் கிடக்கிறது. அது ஒட்டிய தங்கம்தான் வெள்ளை நிறமாகத் தெரியும். அடுப்பில் வைத்தால் பாதரசம் ஆவியாகி மூச்சோடு உள்ளே போகும், அது நஞ்சு. தனிக் குப்பியில் மூடி ஒதுக்கி வையுங்கள்.

இதோடு இன்னொன்று. பழைய ஆலைகளுக்குப் பக்கத்தில் சாம்பல் நிறத்தில் மாவு போல மணல் மேடுகள் இருக்கும். அதில் ஆசனிக் என்ற நஞ்சு இருக்கக்கூடும். பிள்ளைகளை அதில் விளையாட விடாதீர்கள், பூந்தோட்டத்துக்கு என்று அள்ளி வராதீர்கள். சாப்பிட முதல் கை கழுவுங்கள், ஓடைத் தண்ணீரில் இல்லை, கொண்டுபோன தண்ணீரில்.

பாம்பு இருக்குமா?

இருக்கும். தண்ணீர்க் கரையில் புலிப்பாம்பு, மேட்டில் பழுப்புப் பாம்பு, இரண்டும் கொடிய விஷம். நீளக் காற்சட்டை போடுங்கள், பார்க்காமல் கல்லிடுக்கில் கை விடாதீர்கள்.

ஆனால் எனக்குப் பாம்பைவிடக் குழிகள்தான் பயம். 1850களில் தோண்டியவர்கள் மூடாமல் விட்ட குழிகள் காடெங்கும் உண்டு. சில கிணற்றளவு ஆழம். மேலே புல்லும் சருகும் பாய் விரித்ததுபோல மூடியிருக்கும். போனைப் பார்த்துக்கொண்டு நடக்காதீர்கள், படம் எடுக்கப் பின்னால் அடி வைக்காதீர்கள். நீங்கள் தோண்டிய குழியை நீங்களே மூடிவிட்டு வாருங்கள். சட்டமும் அதைத்தான் சொல்கிறது.

தோண்டும்போது பழைய பொருள் ஏதாவது அகப்பட்டால்?

கல் ஆயுதமோ, அந்த மண்ணின் பழங்குடி மக்கள் விட்டுப்போன வேறு எதுவோ போலத் தெரிந்தால் வேலையை நிறுத்தி, இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு அறிவிக்க வேண்டும். பழைய குடிசை அடித்தளம், அடுப்புக்கல் கிடக்கிற இடங்களையும் கிண்டக் கூடாது.

மெற்றல் டிடெக்ரர் வாங்கலாமா?

அது வேறு விளையாட்டு. ஓடையின் நுண்துகளுக்கு அது உதவாது. மேட்டு நிலத்தில் கட்டித் தங்கம் தேடுகிறவர்களுக்கு உரியது, நல்லது ஒன்று ஆயிரக்கணக்கான டொலர். 1980இல் கிங்கோவரில் ஒருவர் டிடெக்ரரால் 27 கிலோ கட்டி ஒன்றைக் கண்டெடுத்தார். 'ஹாண்ட் ஒஃப் ஃபெயித்' என்று அதற்குப் பெயர், கடைசியில் லாஸ் வேகாஸ் சூதாட்ட விடுதி ஒன்று வாங்கிப்போனது. இந்தக் கதையைக் கேட்டுத்தான் எல்லோரும் டிடெக்ரர் வாங்குகிறார்கள்.

என்றாலும் அதைவிடப் பெரியதைக் கண்டெடுக்க டிடெக்ரர் எதுவும் தேவைப்படவில்லை. 1869 பெப்ரவரியில் மோலியாகுல் என்ற ஊரில் ஜோன் டீசன், ரிச்சர்ட் ஓட்ஸ் என்ற இருவர் ஒரு மரத்தடியில் மண்ணைக் கிளறினார்கள். மூன்று சென்ரிமீற்றர் கீழே கட்டி தட்டுப்பட்டது. பக்கத்து ஊரான டனோலியில் வங்கித் தராசு கொள்ளாததால் பட்டடையில் வைத்து உடைத்து நிறுத்தார்கள். அதில் தங்கம் மட்டும் 70 கிலோவுக்கு மேல்.

கிரெஸ்விக்கில் நிலத்துக்கு அடியில் ஓர் ஆறு இருக்கிறதாமே?

இருக்கிறது, தண்ணீர் ஓடுகிற ஆறாக இல்லை, புதைந்த ஆறாக. சில பத்து இலட்சம் ஆண்டுகளுக்கு முன் இந்தப் பக்கத்தில் எரிமலைகள் குமுறி, அப்போது ஓடிய ஆறுகளின் மேல் குழம்பைக் கொட்டின. குழம்பு கருங்கல்லாக இறுகி மூடிவிட்டது. ஆற்றுப்படுக்கை, சரளை, அதில் கிடந்த தங்கம் எல்லாம் அப்படியே அடியில். மேலே ஓடையில் நாம் கரண்டியால் கிண்டுகிற அதே பாறைத்தளத்தை அங்கே சுரங்கம் வெட்டிப் போய்த்தான் தொட வேண்டும்.

புதைந்த ஆறு என்றாலும் தண்ணீர் தண்ணீர்தான். 1882 டிசம்பரில் நியூ அவுஸ்ட்ரலேசியன் சுரங்கத்தில் வேலை செய்தவர்கள், பக்கத்தில் நீர் நிரம்பிக் கிடந்த பழைய சுரங்கத்தின் சுவர் உடைந்து வந்த வெள்ளத்தில் மாட்டிக்கொண்டார்கள். 27 பேர் உள்ளே அகப்பட்டு, 5 பேர் உயிரோடு வந்தார்கள், 22 பேர் இறந்தார்கள். தண்ணீர் ஏற ஏறச் சிலர் தங்கள் தகரத் தேநீர்க் குவளைகளில் வீட்டாருக்குக் கடைசிச் செய்தியைக் கீறி வைத்தார்கள். அவுஸ்திரேலியத் தங்கச் சுரங்கங்களில் நடந்த விபத்துகளில் இதைவிடப் பெரியது இல்லை.

எந்தக் காலம் நல்லது?

மாரி கழிந்து, வெள்ளம் வடிந்து, ஓடை தெளிகிற செப்டெம்பர், ஒக்ரோபர். புது மண் வந்திருக்கும், ஆனால் பாம்பும் வெளியே வரத் தொடங்கியிருக்கும். கோடையில் பல ஓடைகள் வற்றிவிடும். வற்றினால் வெடிப்புகளைச் சுரண்டி வாளியில் சேர்த்து, தண்ணீர் தேங்கிய குட்டைவரை தூக்கிப் போக வேண்டும். காட்டுத்தீ எச்சரிக்கை உள்ள நாளில் வீட்டில் இருங்கள்.

ஊரிலும் இப்படிச் செய்யலாமா?

பொழுதுபோக்காக முடியாது. இலங்கையில் இரத்தினபுரிப் பக்கத்தில் மண்ணைக் கூடையில் போட்டுச் சுழற்றிக் கழுவி மாணிக்கம் தேடுவது இதே கை வேலைதான், ஆனால் அது உரிமம் எடுத்துச் செய்கிற தொழில். தமிழ்நாட்டில் நீலகிரியில் தேவாலா, பந்தலூர்ப் பக்கம் 1880 அளவில் ஆங்கிலக் கம்பனிகள் தங்கம் என்று விழுந்தடித்து வந்து, கொஞ்சக் காலத்திலேயே கையைச் சுட்டுக்கொண்டு போயின. நகைப்பட்டறைத் தெருக்களில் குப்பையையும் சாக்கடை மண்ணையும் அரித்துத் துகள் எடுப்பவர்களை நீங்கள் பார்த்திருக்கலாம். திறமையில் அவர்களுக்குப் பக்கத்தில் நான் நிற்க முடியாது. அவர்களுக்கு அது சோறு.

சேர்த்த தங்கத்தை விற்றீர்களா?

இல்லை. தீப்பெட்டி அளவுக் கண்ணாடிக் குப்பியில் தண்ணீருக்குள் கிடக்கிறது. தெரிந்த நகை செய்பவர் ஒருவரிடம் காட்டினேன். தராசில் வைத்துவிட்டு, "மூக்குத்தி ஒன்று செய்யலாம் அண்ணை, சின்ன மூக்குத்தி" என்றார். அதைக் கேட்ட நாளிலிருந்து யாருக்கு மூக்குத்தி என்று வீட்டில் ஒரு வழக்கு நடக்கிறது.

முதல் நாள் ஒன்றுமே கிடைக்காவிட்டால்?

ஓடையில் தங்கம் இல்லையா, இல்லை உங்கள் கை அதை வெளியே ஊற்றிவிட்டதா என்று முதல் நாள் உங்களுக்குத் தெரியாது. அதனால் போவதற்கு முன்பே வீட்டில் பார்த்துவிடுங்கள். தூண்டில் ஈயக் குண்டு ஒன்றை மிளகை நாலாய்ப் பிளந்த அளவுக்குப் பத்துத் துண்டாக வெட்டி, சுத்தியலால் தட்டித் தட்டையாக்குங்கள். ஈயம் தங்கத்தைவிடப் பாரம் குறைவு, ஆகவே இது தங்கத்தைவிடக் கடினமான சோதனை. தோட்டத்து மணலில் கலந்து, பெரிய தொட்டித் தண்ணீரில் தட்டை ஆட்டுங்கள். கடைசியில் எத்தனை மிஞ்சியது என்று எண்ணுங்கள். எனக்கு முதல் தடவை நாலு. பத்தும் நிற்கும்வரை தொட்டியை விட்டு எழும்பாதீர்கள், பிறகு கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.